மஞ்சள் ஹைலைட்டரை முதலில் வாங்கி வையுங்கள்

கேள்வி: நான் திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. சனிக்கிழமைகளில் ஒன்பது முதல் பதினொன்றாம் வகுப்பு வரை படிக்கும் இருபது பிள்ளைகளோடு வாசிப்பு வட்டம் நடத்துகிறேன். ருஷ்ய இலக்கியம் எனக்கு உயிர். அதனால் தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ நாவலின் தமிழ் மொழிபெயர்ப்பில் தொடங்கினேன். முக்கியமான இடங்களில் கோடு போட்டு ஓரத்தில் குறிப்பு எழுதச் சொன்னேன். பாதிப் பேர் பக்கம் முழுக்க மஞ்சள் பூசிவிட்டார்கள். மீதிப் பேரின் பக்கங்கள் வெள்ளையாகவே இருக்கின்றன. “எது முக்கியம்னு எனக்கு எப்படி டீச்சர் தெரியும்?” என்று ஒரு பையன் கேட்டான். பெயர்கள் வேறு குழப்புகின்றன. நாற்பது பக்கத்தைத் தாண்டவில்லை. போதாததற்கு, “புத்தகத்தில் கிறுக்கச் சொல்லிக் கொடுக்கிறீர்களா?” என்று ஒரு பிள்ளையின் அம்மா கேட்டுவிட்டார். கொஞ்சம் சுவாரசியமாக இதைத் தொடங்க வழி உண்டா?

பதில்:

வணக்கம் டீச்சர். அந்தப் பையனை முன்வரிசையில் உட்கார வையுங்கள். அவன் கேட்டதுதான் சரியான கேள்வி. ஒரு கதையை முதல்முறை படிக்கிறவனுக்கு எது முக்கியம் என்று தெரியவே தெரியாது. கடைசிப் பக்கம் வந்த பிறகுதானே முதல் பக்கத்தில் எது முக்கியமாக இருந்தது என்று புரியும்? நம் பிள்ளைகளுக்கு ‘முக்கியம்’ என்றால் பரீட்சையில் வருவது என்று ஒரே ஓர் அர்த்தம்தான். கதையில் எது பரீட்சைக்கு வரும் என்று தெரியாதபோது, புத்திசாலிகள் எல்லாவற்றுக்கும் மஞ்சள் பூசுவார்கள். நேர்மையானவர்கள் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் வட்டத்தில் நடந்தது இதுதான்.

நானும் இதைச் செய்து கெடுத்தவன்தான். ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில் எட்டு வண்ணங்களுக்கு ஓர் அட்டவணை போட்டேன். பாத்திரத்துக்கு நீலம், இயற்கைக்குப் பச்சை, உவமைக்கு ஆரஞ்சு என்று போகும். பிள்ளைகள் ஒரு மணி நேரம் பேனா மாற்றிக்கொண்டே இருந்தார்கள். ஒருவன் தாள் கோயில் கொடைக்குக் கட்டிய பந்தல் மாதிரி இருந்தது. கதையில் யார் செத்தார் என்று கேட்டேன். “யாராவது செத்தாங்களா சார்?” என்றான்.

ஓரக்குறிப்பு எதற்கு என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. ருஷ்ய இலக்கியத்திலேயே அதற்கு ஒரு காட்சி இருக்கிறது. கவிஞர் புஷ்கினின் செய்யுள் நாவல் ‘எவ்கேனி ஒனேகின்’, அதன் ஏழாவது அத்தியாயம், 1830இல் வெளிவந்தது. தாத்யானா கிராமத்துப் பெண். ஒனேகினைக் காதலித்து, தானே முந்திக்கொண்டு கடிதமும் எழுதி, மறுக்கப்பட்டவள். அவன் தன் நண்பனையே துப்பாக்கிச் சண்டையில் கொன்றுவிட்டு ஊரைவிட்டுப் போய்விட்டான். காலியாகக் கிடக்கும் அவன் வீட்டுக்கு அவள் போகிறாள், அவனுடைய புத்தகங்களைப் புரட்டுகிறாள். பல பக்கங்களில் நகத்தால் அழுத்திக் கீறிய கோடுகள். ஓரத்தில் பென்சில் தடம். ஓரிடத்தில் ஒரு சிறு சொல், இன்னோரிடத்தில் ஒரு சிலுவைக் குறி, வேறோரிடத்தில் ஒரு கேள்விக் கொக்கி. நேரில் பார்த்தபோது பிடிபடாத ஆள், இந்தக் கீறல்களில் அவளுக்குப் பிடிபட ஆரம்பிக்கிறான். கடைசியில், இவன் யாரையோ பார்த்து நடித்த வெறும் நகல்தானோ என்ற சந்தேகம் வரைக்கும் போய்விடுகிறாள்.

பிள்ளைகளிடம் இந்தக் காட்சியைக் கதையாகச் சொல்லுங்கள். பதினைந்து வயதுக்காரர்களுக்கு, ஒருவன் இல்லாதபோது அவன் பொருள்களைக் குடைந்து பார்ப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்ல வேண்டாம். அப்புறம் ஒனேகினின் குறிகளையே அவர்களுக்கும் கொடுங்கள். சிலுவைக்குப் பதில் பெருக்கல் குறி போதும். எங்கே கண் நின்றதோ அங்கே அது. காரணம் தெரிய வேண்டாம். எங்கே புரியவில்லையோ, நம்ப முடியவில்லையோ, அங்கே கொக்கி. பிறகு ஒரு சொல், மிஞ்சிப்போனால் மூன்று சொல். அது பேச்சுத் தமிழில்தான் இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் “ஆசிரியர் சமூக அவலத்தைச் சித்தரிக்கிறார்” என்று எழுதி வைப்பார்கள். அது பரீட்சைத் தாளின் குரல். “அடப்பாவி” என்று எழுதினால்தான் அந்தப் பிள்ளை அந்த வரியைப் படித்திருக்கிறது என்று அர்த்தம்.

பிள்ளைகள் கையிலிருக்கும் ஹைலைட்டரை வாங்கி உங்கள் மேசை டிராயரில் வையுங்கள். பென்சில் போதும்.

இனி எந்தக் கதை என்பதற்கு வருகிறேன். தஸ்தயேவ்ஸ்கியைக் கொஞ்ச நாள் அலமாரியில் ஏற்றிவிடுங்கள். உங்களுக்கு உயிராக இருப்பது வேறு, பிள்ளைகளுக்கு வாசலாக இருப்பது வேறு. செகாவின் ‘பச்சோந்தி’யை எடுங்கள். 1884இல் ‘ஒஸ்கோல்கி’ என்ற நகைச்சுவை வார இதழில், ‘செகான்தே’ என்ற புனைபெயரில் அவர் எழுதிய மிகச் சிறிய கதை. அப்போது அவருக்கு 24 வயது, மருத்துவப் படிப்பை முடிக்கிற வருஷம். கதையை ஜெராக்ஸ் எடுக்கும்போது இரண்டு வேலை செய்யுங்கள். பக்கத்தைச் சுருக்கி, ஓரத்தில் நான்கு விரல் இடம் விடுங்கள். தலைப்பை மறைத்துவிடுங்கள். இந்த இரண்டாவதைத் தவற விடாதீர்கள். ஒரு வருஷம் நான் கதையைத் தொடங்கும் முன்பே ‘பச்சோந்தி என்றால் ஆளுக்கேற்ப நிறம் மாறுகிறவன்’ என்று விளக்கிவிட்டேன். அதற்குமேல் அவர்கள் கண்டுபிடிக்க ஒன்றுமே மிச்சம் இல்லை. விடையைக் கையில் கொடுத்துவிட்டுக் கணக்கைப் போடச் சொன்ன கதை.

கதை இதுதான். காவல் அதிகாரி ஒச்சுமேலவ் புது மேல்கோட்டு போட்டுக்கொண்டு சந்தைத் திடல் வழியாக வருகிறார். பின்னால் ஒரு போலீஸ்காரர், கையில் பறிமுதல் செய்த பழம் நிறைந்த சல்லடை. திடலில் ஈ காக்கை இல்லை. திடீரென்று ஒரு கூச்சல். பொற்கொல்லர் ஹ்ரியூக்கின் ரத்தம் வடியும் விரலைத் தூக்கிக் காட்டுகிறார், நாய் கடித்துவிட்டதாம். நடுவில் ஒரு வெள்ளை நாய்க்குட்டி நடுங்கிக்கொண்டு கிடக்கிறது. நாயின் சொந்தக்காரனுக்கு அபராதம், நாய்க்குச் சாவு என்று அதிகாரி முழங்குகிறார். கூட்டத்தில் ஒரு குரல்: இது ஜெனரல் ஷிகாலவ் வீட்டு நாய் மாதிரி இருக்கிறதே. அவ்வளவுதான், தீர்ப்பு புரண்டுவிடுகிறது. ஜெனரலுடையது இல்லை என்றால் மறுபடி புரள்கிறது. இப்படி ஐந்து முறை.

வகுப்பை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு குழு கோட்டை மட்டும் பார்க்கட்டும், கோட்டுக்கு என்ன நடந்தாலும் ஓரத்தில் ஒரு பெருக்கல் குறி. இரண்டாவது குழுவுக்கு நாயை யார் எப்படிக் குறிப்பிடுகிறார்கள் என்பது மட்டும். மூன்றாவது குழுவுக்கு ‘ஜெனரல்’ என்ற சொல். மற்ற எதையும் அவர்கள் கவனிக்க வேண்டியதில்லை. “எது முக்கியம்” என்று கேட்ட பையனைக் கோட்டுக் குழுவில் போடுங்கள். ‘இதை மட்டும் பார்’ என்று சொல்லிவிட்டால் அவன் பயம் போய்விடும். நீங்கள் கதையை உரக்க, நிதானமாக வாசியுங்கள்.

பிறகு கரும்பலகையில் நீளமாக ஒரு கோடு இழுத்து, மூன்று குழுவும் குறித்ததை வரிசையாக எழுதுங்கள். கோட்டுக் குழு சொல்லும்: “முதல்ல போட்டிருந்தார். அப்புறம் புழுக்கமா இருக்குன்னு கழட்டச் சொன்னார். அப்புறம் காத்து வீசுது, குளிருதுன்னு மாட்டச் சொன்னார். கடைசியில இழுத்துப் போர்த்திக்கிட்டுப் போயிட்டார்.” இதில் என்ன இருக்கிறது என்பார்கள். ஜெனரல் குழு தன்னுடைய குறிகளை அதன் கீழே எழுதும்போதுதான் வேடிக்கை. கோட்டைக் கழற்றியது, நாய் ஜெனரலுடையது என்று முதல்முறை கேட்டவுடன். கோட்டை மாட்டியதும், நாய் ஜெனரலுடையதாகத்தான் இருக்கும் என்று மறுபடி கேட்டவுடன்தான். புழுக்கத்துக்கும் குளிருக்கும் காரணம் ஒன்றே. செகாவ் எந்த இடத்திலும் ‘அவர் பயந்தார்’ என்று எழுதவில்லை. ஒரு துணியைக் கழற்றி மாட்டியதோடு சரி.

இதை நீங்கள் சொல்லாதீர்கள். நான் நடத்திய வகுப்பொன்றில் இந்த இடத்தில் இரண்டு நிமிஷம் யாரும் பேசவில்லை. எனக்கு நாக்கு அரித்தது. கடைசியில் பின்வரிசைப் பெண் ஒருத்தி, “சார், ரெண்டு தடவையும் அதே பயம்தானா?” என்றாள். அந்த ஒரு கேள்விக்காக நான் ஐந்து சனிக்கிழமைகள் காத்திருந்திருப்பேன்.

நாய்க் குழுவிடம் இன்னொரு புதையல் இருக்கும். அதே நாய் வெறிநாயாகவும், சனியனாகவும், ‘மென்மையான ஜீவன்’ ஆகவும், கடைசியில் சுட்டிக் குட்டியாகவும் ஆகிறது. நாய் என்னவோ அதே இடத்தில் நடுங்கிக்கொண்டேதான் இருக்கிறது. ஹ்ரியூக்கினையும் ஓர் ஓரமாகப் பார்க்கச் சொல்லுங்கள். ‘இந்தக் காலத்தில் எல்லாரும் சமம்’ என்று சட்டம் பேசுகிற அதே மூச்சில், தன் சகோதரனும் காவல் படையில் இருப்பதாக ஒரு வார்த்தை போட்டு வைக்கிறார். என் மாணவன் ஒருவன் அந்த வரிக்குப் பக்கத்தில் ‘இவனுமா’ என்று எழுதியிருந்தான். பத்து மதிப்பெண் கட்டுரையில் அவன் அதைவிட நன்றாக எதையும் எழுதிவிட முடியாது.

அங்கேயே நின்று, அது அண்ணனா தம்பியா என்று கேளுங்கள். ருஷ்ய மொழியில் ‘பிராத்’ என்ற ஒரே சொல்தான், மூத்தவனா இளையவனா என்று அது சொல்லாது. தமிழில் மொழிபெயர்க்கிறவர் அண்ணன், தம்பி, சகோதரன் என்று ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். உங்கள் கையில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் என்ன செய்திருக்கிறார்? அங்கே ஒரு கொக்கி போடட்டும். கதைக்கும் நமக்கும் நடுவில் ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்பது அந்த வயதிலேயே தெரிவது நல்லது.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஓர் இடத்தில் ஆங்கிலத்தில் படிப்பவர்களைவிட வசதி அதிகம். கதையின் முடிவில், நாய் ஜெனரலுடைய சகோதரருடையது என்று ஜெனரல் வீட்டுச் சமையல்காரர் சொன்னதும், ஒச்சுமேலவ் முகமெல்லாம் சிரிப்பாக அவர் ‘வந்திருக்கிறார்களா’ என்று கேட்கிறார். ஒரே ஆளுக்கு ருஷ்ய மூலத்தில் மரியாதைப் பன்மை. நம் ‘ர்கள்’ விகுதி செய்கிற அதே வேலை. பொற்கொல்லரிடம் பேசும்போது ‘நீ’, ‘கையைக் கீழே போடு’. உங்கள் மொழிபெயர்ப்பில் இந்த மரியாதை ஏறி இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இறங்கவில்லை என்றால், தாங்கள் எப்படி எழுதியிருப்போம் என்று ஓரத்தில் எழுதட்டும். அவன், அவர், அவர்கள் என்ற மூன்று படியை நம் ஊர்ப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

எல்லாம் முடிந்த பிறகு தலைப்பு வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் செகாவ் வைத்த தலைப்பைக் காட்டுங்கள். பச்சோந்தி அதிகாரி மட்டும்தானா என்று யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டால் கடைசியில் கூட்டம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறது என்று மட்டும் காட்டுங்கள். கடிபட்டவரைப் பார்த்துத்தான்.

அடுத்த வாரம் தாத்யானா விளையாட்டு. பெயர் எழுதாத தாள்களைக் கலைத்துப் போட்டு ஆளுக்கொன்று கொடுங்கள். குறிகளை மட்டும் பார்த்து இது யாருடையது என்று கண்டுபிடிக்க வேண்டும். கையெழுத்தை வைத்துச் சொன்னால் செல்லாது. எங்கே நின்றிருக்கிறார், எதற்குக் கொக்கி போட்டிருக்கிறார் என்பதை வைத்துச் சொல்ல வேண்டும். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளையின் தாள்தான் பெரும்பாலும் எல்லாரையும் அசத்தும். ஒன்றே ஒன்று: அந்தத் தாள்களுக்கு மதிப்பெண் போடாதீர்கள். ‘வெரிகுட்’ கூட வேண்டாம். போட்டால் அடுத்த வாரம் உங்களுக்காக எழுத ஆரம்பித்துவிடுவார்கள்.

இரண்டாவது கதைக்கு கோகலின் ‘மேல்கோட்டு’ (1842). ஒரு கோட்டிலிருந்து இன்னொரு கோட்டுக்குப் போவது பிள்ளைகளுக்கு வேடிக்கையாகவும் இருக்கும். இந்தக் கதையின் ஓரத்தை மளிகைக் கணக்கு நோட்டாக மாற்றிவிடுங்கள். அக்காகி அக்காகியெவிச் ஒரு நகல் குமாஸ்தா. வருஷச் சம்பளம் 400 ரூபிள். தையல்காரர் புதுக் கோட்டுக்கு முதலில் சொல்வது 150க்கும் மேல். 80க்கு முடியும் என்பது அக்காகிக்குத் தெரியும். செலவழிக்கிற ஒவ்வொரு ரூபிளுக்கும் ஒரு சிறு காசு என்று உண்டியலில் போட்டு, வருஷக்கணக்கில் சேர்ந்தது 40 சொச்சம். மீதிக்காக மாலைத் தேநீரை நிறுத்துகிறார், மெழுகுவர்த்தி ஏற்றுவதை நிறுத்துகிறார், செருப்பு தேயாமல் இருக்கத் தெருவில் நுனிக்காலில் நடக்கிறார். எதிர்பாராமல் 60 ரூபிள் போனஸ் வருகிறது. வரவு ஒரு பக்கம், பற்று ஒரு பக்கம் என்று பிள்ளைகள் எழுதிக்கொண்டே போகட்டும். தேநீர் எவ்வளவு மிச்சம் என்று கதையில் தொகை இருக்காது. அங்கே தொகைக்குப் பதில் என்ன எழுதுவது என்று கேட்பார்கள். “நீங்களே எழுதுங்கள்” என்று விட்டுவிடுங்கள். கோட்டு திருடுபோகிற இரவில் அந்தக் கணக்கு நோட்டில் என்ன எழுதுவது என்று ஒவ்வொருவரும் தடுமாறுவதைப் பார்க்கலாம்.

எழுதவே பிடிக்காத பிள்ளைகள் இரண்டு பேராவது இருப்பார்கள். அவர்களுக்குத் தல்ஸ்தோயின் ‘ஒரு மனிதனுக்கு எவ்வளவு நிலம் தேவை’யைக் கொடுத்து, பாஹோம் நடந்த வழியை ஓரத்தில் படமாகப் போடச் சொல்லுங்கள். எங்கே திரும்பினான், எங்கே காலணியைக் கழற்றினான், அப்போது சூரியன் எங்கே இருந்தது. கதையின் கடைசி வாக்கியத்தில் வரும் மூன்று அர்ஷின், அதாவது சுமார் இரண்டு மீட்டர், அந்தப் படத்தில் எவ்வளவு பெரிதாக வரும் என்று அளந்து பார்க்கட்டும்.

பெயர்க் குழப்பத்துக்கு என் மருந்து ஒரு அட்டைத் துண்டு. புத்தகக்குறி மாதிரி வெட்டி, நாவல் முடியும் வரை உள்ளேயே இருக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம், ஏனென்றால் நமக்கும் அப்பா பெயர் கூடவே வருகிறது, என்ன, நாம் இனிஷியலாகச் சுருக்கிவிட்டோம். ‘குற்றமும் தண்டனையும்’ நாயகன் ரோதியோன் ரொமானவிச் ரஸ்கோல்நிகவ் என்றால் ரொமானின் மகன் ரோதியோன். அவன் தங்கை அவ்தோத்யா ரொமானவ்னா, ரொமானின் மகள். வீட்டில் அவன் ரோத்யா, அவள் துன்யா. வீட்டில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர் என்று வளர்ந்த பிள்ளைகள்தானே நம்மவர்கள்? ஆனால் அட்டையில் வெறும் பெயர்ப் பட்டியல் வேண்டாம். ஒவ்வொரு வடிவத்துக்கும் எதிரே, யார் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று எழுத வேண்டும். அம்மா ‘ரோத்யா’ என்கிறாள். விசாரணை அதிகாரி போர்ஃபிரி அப்பா பெயர் சேர்த்து மரியாதையாகக் கூப்பிட்டபடியே வலையை இறுக்குகிறார். பெயர் மாறும்போதெல்லாம் உறவின் தூரம் மாறுகிறது என்று அட்டையே சொல்லிவிடும்.

இந்த மூன்று கதை முடிந்த பிறகு, ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து, தஸ்தயேவ்ஸ்கியை அலமாரியிலிருந்து இறக்குங்கள். முதல் அத்தியாயத்தில் ரஸ்கோல்நிகவ் தன் வீட்டு வாசலிலிருந்து அடகுக்காரக் கிழவியின் வீடு வரை எத்தனை காலடி என்று எண்ணி வைத்திருக்கிறான்: சரியாக 730. பிள்ளைகளைப் பள்ளி மைதானத்துக்குக் கூட்டிப் போய், பேசாமல் 730 காலடி நடக்கச் சொல்லுங்கள். நான் நடந்து பார்த்திருக்கிறேன். பத்து நிமிஷத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஒரு கொலையை யோசித்துக்கொண்டு நடக்க அது நீளமா, குறைவா? திரும்பி வந்ததும் அந்த வரிக்குப் பக்கத்தில் எழுதட்டும். நாற்பதாம் பக்கத்தை இந்த முறை தாண்டிவிடுவார்கள் என்று நினைக்கிறேன். தாண்டாவிட்டாலும் குடி முழுகிப் போகாது, கல்லூரியில் தாண்டட்டும்.

கடைசியாக அந்த அம்மா. அவரைத் தவறாக நினைக்காதீர்கள். புத்தகத்தில் கால் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வீட்டிலிருந்து வருகிற கேள்வி அது. நூலகப் புத்தகத்தில் ஒரு புள்ளிகூட வைக்க மாட்டோம், ஜெராக்ஸ் தாளில்தான், அதுவும் பென்சிலில்தான் என்று முதலில் உறுதி சொல்லுங்கள். பிறகு, கேட்கிற மனநிலையில் இருந்தால், தஸ்தயேவ்ஸ்கியின் பைபிளைப் பற்றிச் சொல்லுங்கள். 1850இல் அவரைக் கைதியாக சைபீரியாவுக்குக் கொண்டுபோகிற வழியில், தபோல்ஸ்க் நகரில், நாடுகடத்தப்பட்ட புரட்சியாளர்களின் மனைவிமார் அவருக்கு ஒரு புதிய ஏற்பாட்டைக் கொடுத்தார்கள். ஓம்ஸ்க் சிறையில் நான்கு வருஷம் அது அவரோடு இருந்தது, சாகும்வரை கூடவே வைத்திருந்தார். அதன் பக்கங்களில் பிற்பாடு போட்ட பென்சில் குறிகளும் மைக்குறிகளும் உண்டு. அவற்றோடு, நகத்தால் அழுத்திய கீறல்களும் இருக்கின்றன. சிறையில் எழுதுகோல் இல்லாதவனுக்கு இருந்தது நகம்தான்.

ஜெராக்ஸ் எடுக்கும்போது இருபதுக்குப் பதில் இருபத்தொன்று எடுங்கள். ஒன்று அந்த அம்மாவுக்கு.